அட்வென்ச்சர் மோட்டர்ல கிரேஷ் பார் கழட்டுறது எப்படி (எஞ்சின் போல்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருங்க)

கிரேஷ் பார், அதாவது மோட்டர் சைக்கிள் விழுந்தா எஞ்சினை காப்பாத்த ரெண்டு பக்கமும் மாட்டுற குழாய் கம்பி, அதை மாட்டுறது எப்படின்னு தேடினா வீடியோ கொட்டிக் கிடக்கு, கழட்டுறத பத்தி பொறுமையா சொல்ற ஆளு கம்மி. மாட்டினத அப்படியே தலைகீழா செஞ்சா கழண்டுரும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, கழண்டுரும் தான், பிரச்சனை அதுக்கு அப்புறம் தான் வருது. ஏன்னா அந்த பார் தொங்கிட்டு இருக்கற போல்ட்டுல சிலது பாருக்கு சொந்தமானதே இல்ல, உங்க எஞ்சினை சேசிஸ்ல பிடிச்சு வச்சிருக்கற போல்ட்டு. பார் வரும்போது கம்பெனி போல்ட்டை எடுத்துட்டு கிட்டுல வந்த நீட்டு போல்ட்டை போட்டிருப்பாங்க. இப்ப பாரை மட்டும் எடுத்துட்டு அதே நீட்டு போல்ட்டை திருப்பி முடுக்கினா, உள்ள போய் அடியில முட்டி "டைட் ஆயிருச்சு"ன்னு கைக்கு தெரியும், ஆனா எஞ்சினை அது பிடிச்சிருக்காது. இத மனசுல வச்சிக்கிட்டு மீதிய படிங்க.

கேஎல் (கோலாலம்பூர்) ரோட்டுல அதிகமா பார்க்குற சிபி500எக்ஸ், வெர்சிஸ் 650, வி-ஸ்ட்ரோம் 650, இந்த மாதிரி மோட்டருக்கு பொதுவா பொருந்துற மாதிரி எழுதுறேன். பிஎம்டபிள்யூவோட பாக்சர் எஞ்சின் ஜிஎஸ் வச்சிருக்கவங்களுக்கு கீழ தனியா இருக்கு.

எதுக்கு கழட்டுறோம்

வால்வ் கிளியரன்ஸ் பார்க்கணும், கூலண்ட் ஹோஸ் மாத்தணும், ஃபேரிங் கழட்ட வழியில்ல, இதெல்லாம் ஒரு காரணம். விழுந்து பார் வளைஞ்சிருச்சு, இது ரெண்டாவது. மூணாவது வேற பிராண்டு மாத்துறது, இல்ல மோட்டரை விக்கிறது. இன்னும் சில பேரு ஜாலான் ஈப்போ ஜாம்ல காருங்க நடுவுல நுழைய அகலம் இடிக்குதுன்னு கழட்டுறாங்க, கழட்டுறதுக்கு முன்னாடி ஹேண்டில் அகலத்தை ஒரு தடவை டேப் வச்சு அளந்து பாருங்க, நிறைய மோட்டர்ல ஹேண்டில் தான் பாரை விட அகலம், அப்ப கழட்டியும் பிரயோஜனம் இல்ல.

வெயிட் குறையும்னு கழட்டுறவங்களுக்கு, இரும்பு பார் பிராண்டை பொறுத்து 4 கிலோல இருந்து மேல போகும், ஓட்டும்போது ஓரளவு தெரியும். டார் ரோடு மட்டும் தான் ஓட்டுவேன்னா சரி. செம்பனை தோட்டத்துக்குள்ள செம்மண் ரோட்டுல போற ஆளா இருந்தா கழட்டாதீங்க, நின்ன இடத்துலயே சாஞ்சா கூட ரேடியேட்டரும் எஞ்சின் கவரும் தான் முதல்ல வாங்கும்.

ஸ்பானரை தொடுறதுக்கு முன்னாடி

ஒரிஜினல் போல்ட்டு எங்க? இதான் முதல் கேள்வி. பார் மாட்டின அன்னிக்கு பெங்கல்ல (வொர்க்ஷாப்புல) ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு குடுத்திருப்பாங்க, அது ஸ்டோர் ரூம்லயோ சீட்டுக்கு அடியிலயோ இருக்கணும். செகண்ட் ஹேண்ட் மோட்டரா இருந்தா பெரும்பாலும் இருக்காது. இல்லன்னா வேலையை ஆரம்பிக்கவே வேணாம், பார்ட்ஸ் கேட்டலாக் படத்துல எஞ்சின் மவுண்ட் பக்கத்தை எடுத்து பார்ட் நம்பர் பார்த்து ஆர்டர் பண்ணுங்க, போல்ட்டு கூட ஒரிஜினல் ஸ்பேசர், வாஷர், நட்டு இருக்கான்னும் அதே படத்துல பாருங்க. சில கிட்டுல ஒரிஜினல் ஸ்பேசரை எடுத்துட்டு அவங்க ஸ்பேசரை போட்டிருப்பாங்க.

ஹார்ட்வேர் கடையில அதே சைஸ் வாங்கிக்கலாம்ல அண்ணேன்னு கேக்குறவங்களுக்கு தான் இந்த பாரா. ஜப்பான் மோட்டர்ல எம்10 போல்ட்டு பெரும்பாலும் 1.25 பிட்ச், அதாவது மரை நெருக்கமா இருக்கும். கடையில சாதாரணமா எடுத்து குடுக்கறது 1.5 பிட்ச். ரெண்டும் பார்க்க ஒண்ணா தான் இருக்கும், கையில ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும், துரு போலன்னு நெனைச்சு ஸ்பானர் போட்டு தள்ளினா அலுமினியம் மரை காலி. அடுத்தது பலம். போல்ட்டு தலையில 8.8, 10.9னு நம்பர் அடிச்சிருக்கும், நம்பர் ஏற ஏற பலம் ஜாஸ்தி. பளபளன்னு இருக்கற ஸ்டெயின்லெஸ் போல்ட்டுல ஏ2-70னு இருக்கும், அது துருக்கு நல்லது, பலத்துல 10.9 கிட்ட கூட வராது. எஞ்சின் மவுண்ட்டுல அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போடுற பழக்கத்தை விட்ருங்க.

இடமும் சாமானும்

சமமான சிமெண்ட் தரை வேணும். கொண்டோல இருக்கறவங்களுக்கு பேஸ்மெண்ட் கார் பார்க் தான் கதி, செக்யூரிட்டி கார்டு கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டா நல்லது, தரையில எண்ணெய் படாம பெரிய அட்டைப்பெட்டியை பிரிச்சு விரிச்சிருங்க. தரை வீட்டுல முன்னாடி போர்ச்ல செய்றவங்க காலையிலயே ஆரம்பிங்க, கேஎல் மழை சாயங்காலம் எப்ப கொட்டும்னு உங்களுக்கே தெரியும், எஞ்சின் போல்ட்டு பாதி வெளிய இருக்கும்போது மோட்டரை உருட்டிட்டு ஓடக்கூடாது.

சைடு ஸ்டாண்டுல வச்சு இந்த வேலை செய்யாதீங்க. சென்டர் ஸ்டாண்டு இருந்தா அது, இல்லன்னா பின்னாடி பேடாக் ஸ்டாண்டு (பின் வீலை தூக்கி நிறுத்துற ஸ்டாண்டு) போட்டு முன் பிரேக்கை ஒரு பட்டையால ஹேண்டிலோட சேத்து கட்டிருங்க, முன் வீல் சுவத்துல முட்டி நிக்கட்டும். எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும், கீழ் மவுண்ட்டு பக்கத்துலயே தான் எக்சாஸ்ட் பைப் போகும்.

சாமான்னு பார்த்தா 3/8 சாக்கெட் செட் (10, 12, 14, 17 கண்டிப்பா), ஆலன் கீ 5, 6, 8, நீட்டு எக்ஸ்டென்ஷன், இறுகின போல்ட்டுக்கு ஒரு பிரேக்கர் பார், டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கத்துக்கு முடுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பானர்), ரப்பர் சுத்தியல், ஒரு ஜாக், ஒரு பலகைத் துண்டு. சாக்கெட் ஆறு முனையா இருக்கட்டும், பன்னெண்டு முனை சாக்கெட் துரு பிடிச்ச போல்ட்டு தலையை வழுக்கி உருட்டிரும். டார்க் ரென்ச் இல்லாம இந்த வேலையில இறங்க வேணாம், கூட்டாளி கிட்ட கடன் வாங்குங்க.

பழைய சாரோங் ஒண்ணு, ரேடியேட்டர் முன்னாடி சொருக ஒரு அட்டை. பார் கழண்டு வரும்போது ஆடும், டேங்க் பெயிண்ட்டையும் ரேடியேட்டர் ஃபின்னையும் தான் தேடிப் போய் இடிக்கும். கழட்டுற போல்ட்டை வைக்கறதுக்கு இன்னொரு அட்டையில மோட்டரோட இடது பக்கம், வலது பக்கம்னு குத்துமதிப்பா படம் வரைஞ்சு, எந்த போல்ட்டு எங்க இருந்து வந்துச்சோ அந்த இடத்துல குத்தி வைங்க. வாஷர், ஸ்பேசர் வந்த வரிசையிலயே அதுல கோர்த்திருக்கட்டும்.

ஆரம்பிக்கிறதுக்கு மொத நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு விட்ருங்க. நீல டப்பால சிவப்பு மூடி போட்ட சாதாரண டபிள்யூடி-40 இல்ல, துருவுக்குள்ள இறங்கறதுக்குன்னே தனியா பெனட்ரண்ட்னு விக்கிறாங்க, அது. பிரேக் டிஸ்க் மேல மட்டும் படக்கூடாது.

லைட்டு, வயரு

பார்ல ஃபோக் லைட்டு இருக்கும், நம்ம ஆளுங்க பார் வாங்கறதே பாதி அதுக்கு தான். பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க. வயரை கட் பண்ணாதீங்க, சாக்கெட் எங்க இருக்குன்னு தேடிப் பிரிங்க, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடது வலது எழுதுங்க. லைட்டை திருப்பி போடப் போறதில்லன்னா அந்த ரிலே லைனோட ஃபியூஸையும் எடுத்துட்டு, தொங்குற சாக்கெட்டை மழைத்தண்ணி போகாம டேப் சுத்தி ஃபிரேம்ல கட்டி வைங்க, ஹேண்டில் முழுசா ரெண்டு பக்கமும் திருப்பி வயரு இழுக்கலையான்னு பாத்துக்கோங்க.

பாருக்கு மட்டும் சொந்தமான போல்ட்டுங்க

இப்ப மோட்டரை சுத்தி உக்காந்து நிதானமா பாருங்க, எந்த போல்ட்டு பாரை மட்டும் பிடிக்குது, எது எஞ்சினையும் சேத்து பிடிக்குது. இடது பாரையும் வலது பாரையும் முன்னாடி இணைக்கற குறுக்கு கம்பி, மேல் பார் கீழ் பார் சேர்ற கிளாம்பு, இதெல்லாம் பாருக்கு மட்டும் சொந்தம், கவலையில்லாம முதல்ல இதை கழட்டலாம். பாஷ் பிளேட் (எஞ்சினுக்கு அடியில மாட்டுற காப்புத் தகடு) இருந்தா அதையும் எடுத்துருங்க, சில மாடல்ல பாஷ் பிளேட்டும் பாரும் ஒரே போல்ட்டுல தொங்கும்.

ஆலன் கீ போடுற தலையில மண்ணு அடைச்சிருக்கும், செம்மண் காஞ்சா கல்லு மாதிரி. ஊசியோ சின்ன ஸ்க்ரூ டிரைவரோ வச்சு தோண்டி எடுத்துட்டு கீ அடி வரைக்கும் போகுதான்னு பாத்துட்டு திருப்புங்க, பாதி இறங்கின கீ தான் தலையை உருட்டும்.

எஞ்சின் போல்ட்டு

இங்க அவசரமே கூடாது. நிறைய அட்வென்ச்சர் மோட்டர்ல எஞ்சினே சேசிஸோட ஒரு பாகம், கீழ சுத்தி வர ஃபிரேம் குழாய் கிடையாது, எஞ்சின் தான் அந்த பாரத்தையும் தாங்குது. அப்படிப்பட்ட மோட்டர்ல முன் மவுண்ட்டை ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல உருவினா எஞ்சின் சில மில்லி கீழ இறங்கும், ஓட்டை ஓட்டைக்கு நேரா நிக்காது, அப்புறம் போல்ட்டு போகாது, சுத்தியல் எடுப்பீங்க, மரை போகும். அதனால ஒரு பக்கம் முழுசா முடிச்சு ஒரிஜினல் போல்ட்டை போட்ட பிறகு தான் அடுத்த பக்கம் தொடணும்.

முதல்ல ஜாக். பழைய மைவி காரோட பூட்டுல இருக்கற ஜாக்கே போதும், மேல பலகையை வச்சு எஞ்சினோட அடியில சமமான இடத்துல முட்டுக் குடுங்க. மோட்டரை தூக்கக்கூடாது, எஞ்சின் வெயிட்டை லேசா வாங்கினா போதும். இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. பாஷ் பிளேட் ஃபிரேம்ல மாட்டியிருந்து அதோட மேலயே ஜாக் போட்டா நீங்க தாங்கறது ஃபிரேமை, எஞ்சினை இல்ல, அதான் முன்னாடியே அதை கழட்டச் சொன்னேன். அடுத்தது, வெர்சிஸ் 650 மாதிரி எக்சாஸ்ட் டப்பா எஞ்சினுக்கு அடியிலயே இருக்கற மோட்டர்ல டப்பா மேலயோ பைப் மேலயோ ஜாக் படவே கூடாது, எஞ்சின் கேஸ் எங்க வெளிய தெரியுதோ அங்க தான்.

ஒவ்வொரு பக்கமும் தனித்தனி குட்டை போல்ட்டா இருந்தா வேலை சுலபம். ஒண்ணை கழட்டு, பாரோட காதை (போல்ட்டு நுழையற ஓட்டை இருக்கற தகடை) கொஞ்சம் வெளிய இழு, அடுத்ததை கழட்டு, கூட்டாளி பாரை சாரோங் சுத்தி பிடிச்சு எடுக்கட்டும், உடனே ஒரிஜினல் போல்ட்டு ஸ்பேசரோட கையால உள்ள. முழுசா முடுக்க வேணாம், விரல்ல போற வரைக்கும் போதும்.

இடது பக்கம் நுழைஞ்சு வலது பக்கம் வெளிய வர ஒரே நீட்டு போல்ட்டா இருந்தா இன்னொரு வழி இருக்கு. கிட்டு போல்ட்டோட நட்டை கழட்டிட்டு, ஒரிஜினல் போல்ட்டை நட்டு இருந்த பக்கத்துல இருந்து முனையோட முனை முட்டி உள்ள தள்ளுங்க, புதுசு உள்ள போகப் போக பழசு அந்தப் பக்கமா வெளிய வரும். ஓட்டை ஒரு நொடி கூட காலியா இருக்காது, எஞ்சின் இறங்க இடமே இல்ல. சில மோட்டர்ல போல்ட்டு ஒரு பக்கமா தான் நுழைய முடியும், தலை உக்கார பள்ளம் அந்தப் பக்கம் மட்டும் இருக்கும், அப்ப அதே தடிமன்ல ஒரு கம்பியை வச்சு தள்ளிட்டு, அப்புறம் ஒரிஜினலை சரியான பக்கத்துல இருந்து விட்டு கம்பியை வெளிய தள்ளுங்க. ரெண்டு பக்க பாரும் அந்த ஒரே போல்ட்டுல தான் தொங்கும், அதனால ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சிருக்கணும்.

போல்ட்டு பாதியில நின்னுச்சுன்னா சுத்தியலை தேடாதீங்க, ஜாக்கை கால் சுத்து ஏத்தியோ இறக்கியோ பாருங்க. பாரம் சரியா நடுவுல வந்த உடனே விரலால தள்ளினாலே போகும். அப்படி போகலன்னா உயரம் இன்னும் சரியில்லன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, சில மாடல்ல ஃபிரேமுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இடைவெளி சரி பண்ண மரை போட்ட அட்ஜஸ்ட் காலர் இருக்கும், போல்ட்டை சுத்தி பெரிய வளையம் மாதிரி, பல்லு வெட்டின லாக் நட்டோட. அதை திருப்பாதீங்க, திருப்பினா ஸ்பெஷல் டூலும் மேனுவல்ல சொன்ன வரிசையும் வேணும், நேரா ஃபோர்மேன் (மெக்கானிக்) கிட்ட போக வேண்டியது தான்.

நீளத்தை எப்படி செக் பண்றது? மூடின ஓட்டையா இருந்தா மெல்லிசான கம்பியை உள்ள விட்டு ஆழத்தை அளங்க, அதுல ஃபிரேம் தகடு கனத்தையும் ஸ்பேசரையும் கூட்டிப் பாருங்க, போல்ட்டு அதை விட நீளமா இருந்தா அடியில முட்டும். ரொம்ப குட்டையாவும் இருக்கக்கூடாது, அலுமினியத்துல மரை பிடிக்கிற நீளம் போல்ட்டு தடிமனைப் போல ஒண்ணரை மடங்காவது வேணும், எம்10னா 15 மில்லி. ஒரிஜினல் போல்ட்டு இருந்தா இந்த கணக்கு எதுவும் தேவையில்லை, அதுக்கு தான் ஆரம்பத்துலயே அத்தனை தொல்லை குடுத்தேன்.

வராத போல்ட்டு

பினாங்குல பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் கடலோரமா மோட்டர் நிறுத்துறவங்களுக்கு இது கட்டாயம் வரும், உப்பு காத்து, அலுமினியத்துக்குள்ள இரும்பு போல்ட்டோ ஸ்டெயின்லெஸ் போல்ட்டோ, ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல ஈரம், உள்ள வெள்ளைத் தூளா பூத்து இறுகிக்கும். முதல்ல ஒரு துளி முடுக்குற பக்கம் திருப்பிப் பாருங்க, ஒட்டு விட்டுச்சுன்னா அப்புறம் லூஸ் பண்ற பக்கம். தலையில சுத்தியலால நேரா ரெண்டு மூணு தட்டு, மறுபடி ஆயில், மறுபடி காத்திருங்க. கால் சுத்து வெளிய வந்தா கொஞ்சம் உள்ள திருப்பி மறுபடி வெளிய, ஒரே மூச்சா இழுத்தா மரையை பிடுங்கிட்டு வரும்.

பழைய ஃபோர்மேன் லாக்டைட் (மரை லூஸ் ஆகாம பிடிக்கிற பசை) போட்டிருந்தா, நீலம்னா சாதாரண ஸ்பானருக்கே வந்துரும். சிவப்புன்னா சூடு காட்டாம வராது, 250 டிகிரிக்கு மேல வேணும். ஹீட் கன் போதும், அதுவும் ரப்பர் ஹோஸ், வயரு, டேங்க் எல்லாத்தையும் மறைச்சுட்டு, பெனட்ரண்ட் ஆயிலை நல்லா துடைச்சுட்டு. டேங்க்குக்கு கீழ நெருப்பு டார்ச் காட்டுற ஆளு கிட்ட உங்க மோட்டரை குடுக்காதீங்க. தலை உருண்டுட்டா அதுக்கு மேல நீங்க இழுக்க வேணாம், உடைஞ்ச போல்ட்டை எடுக்கறது மெஷின் ஷாப் வேலை.

விழுந்து வளைஞ்ச பார்

வளைஞ்ச பார் ஸ்பிரிங் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும். கடைசி போல்ட்டை கழட்டுற நிமிஷம் பட்டுன்னு அடிக்கும், கை நடுவுல இருந்தா விரல் போச்சு. முன்னாடியே ரேச்சட் பெல்ட் போட்டு பாரை அதோட பழைய இடத்துக்கு லேசா இழுத்து வச்சிட்டு கழட்டினா போல்ட்டு மேல இழுவை இருக்காது, சுலபமா வரும், பிறகு பெல்ட்டை மெதுவா விடுங்க. கழட்டின உடனே ஃபிரேம் காது, எஞ்சின் மவுண்ட்டு சுத்தி டார்ச் அடிச்சு துணியால துடைச்சுப் பாருங்க, முடி மாதிரி கோடு தெரிஞ்சா அது விரிசல், அந்த மோட்டரை ஓட்டாதீங்க, லோரியில ஏத்துங்க.

ஜிஎஸ்காரங்களுக்கு

பாக்சர் எஞ்சின், சிலிண்டர் ரெண்டு பக்கமும் வெளிய துருத்திட்டு இருக்கும், பார் இருக்கறதே அந்த சிலிண்டர் ஹெட் கவரை காப்பாத்த தான். போல்ட்டு நிறைய டார்க்ஸ் தலை, ஆலன் கீயை அதுல திணிக்காதீங்க, நட்சத்திர பிட்டு செட்டு வாங்குங்க. வால்வ் வேலைக்காக கழட்டினா முடிஞ்ச உடனே திருப்பி மாட்டிருங்க. நிரந்தரமா கழட்டுறேன்னா ஹெட் கவருக்கு மேல மாட்டுற கார்டாவது போடுங்க, ஜிஎஸ் எந்தப் பக்கம் சாஞ்சாலும் தரையை முதல்ல தொடுறது அந்த கவர் தான்.

முடுக்குறது

மரையை பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க, ஓட்டைக்குள்ள இருக்கற பழைய லாக்டைட் தூளையும் எடுங்க. எல்லா போல்ட்டும் கையால உள்ள போன பிறகு தான் ஜாக்கை இறக்கி டார்க் ரென்ச் எடுக்கணும். பொதுவா எம்8 20ல இருந்து 25 நியூட்டன் மீட்டர், எம்10 40ல இருந்து 50ன்னு வரும், ஆனா இது ஒரு அளவு தெரியறதுக்கு தான், எஞ்சின் மவுண்ட்டுக்கு உங்க மாடல் சர்வீஸ் மேனுவல்ல இருக்கற நம்பரை தான் போடணும். அந்த நம்பர் பெரும்பாலும் காஞ்ச மரைக்கு சொன்னது, ஆன்டி-சீஸ் கிரீஸ் பூசிட்டு அதே நம்பருக்கு முடுக்கினா போல்ட்டு தேவைக்கு மேல இழுபடும். மேனுவல் லாக்டைட் போடச் சொன்ன இடத்துல நீலம் ஒரு சொட்டு, சொல்லாத இடத்துல வேணாம்.

முடுக்கின போல்ட்டு தலைக்கும் ஃபிரேமுக்கும் சேத்து பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. பார் உரசி பெயிண்ட் போன இடத்துல டச்-அப் அடிச்சிருங்க, நம்ம ஊரு மழைக்கு ரெண்டே வாரத்துல துரு வந்துரும். பேட்டரி மாட்டி, ஹார்ன், லைட்டு, ரேடியேட்டர் ஃபேன் பாத்துட்டு, கோம்பாக் பழைய ரோட்டுல கெந்திங் செம்பா வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வாங்க, வளைவும் மேடும் இருக்கறதால எஞ்சின் நல்லா வேலை செய்யும். ஹேண்டில்லயோ ஃபுட்பெக்லயோ முன்னாடி இல்லாத அதிர்வு வந்தா ஏதோ ஒரு மவுண்ட்டு சரியா உக்காரல. வீட்டுக்கு வந்து முழுசா ஆறின பிறகு கோடு நகர்ந்திருக்கான்னு பாத்து டார்க் ரென்ச்சை இன்னொரு தடவை வைங்க.

கழட்டின பாரை அப்படியே ஸ்டோர்ல போடாதீங்க, உள்ள வெறும் குழாய், மழைத்தண்ணி இறங்கி நிக்கும். முனையில இருக்கற பிளாஸ்டிக் மூடியை எடுத்துட்டு தலைகீழா சாய்ச்சா சில சமயம் கருப்பா தண்ணியே கொட்டும், காயவச்சு உள்ள ஆயில் அடிச்சுட்டு நிக்க வைங்க. கிட்டு போல்ட்டு, ஸ்பேசர் எல்லாத்தையும் ஒரு ஜிப் பையில போட்டு கேபிள் டையால பார்லயே கட்டிருங்க, நாளைக்கு விக்கும்போது வாங்குற ஆளு முதல்ல கேக்கறது அதைத்தான், பை இல்லாத பாருக்கு பாதி விலை கூட தர மாட்டான்.